இந்திய மகளிர் கிரிக்கெட் அணித் தேர்வு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் மாவட்டத்தில் இருந்து வரும் கேள்விகள் இரண்டு வகை. "உலகக் கோப்பைக்கு அந்தப் பிள்ளையை ஏன் எடுக்கவில்லை?" என்பது ஒன்று. "எங்க பிள்ளை நல்லா ஆடுது, எங்கே கொண்டு போகணும்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான பதில் தெரிந்தால்தான் இரண்டாவது பிடிபடும் என்பதால் அந்த வரிசையிலேயே போகிறோம்.

உலகக் கோப்பைக்குப் போகும் 15 பேரை யார் முடிவு செய்கிறார்கள்?

பிசிசிஐ, அதாவது இந்திய கிரிக்கெட் வாரியம் நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட மகளிர் தேர்வுக் குழு. உறுப்பினர்கள் இந்தியாவுக்காக ஆடியவர்களாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்று குறைந்தது 5 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். 2025 உலகக் கோப்பைக்கான அணி அந்த ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று வெளியானபோது நீத்து டேவிட் குழுத் தலைவராக இருந்தார். செப்டம்பர் இறுதியில் அமிதா சர்மா தலைவராக நியமிக்கப்பட்டார். கேப்டனின் கருத்தும் தலைமைப் பயிற்சியாளரின் கருத்தும் கேட்கப்படும். பட்டியலுக்குப் பொறுப்பு குழுவுடையது.

நாட்டிலேயே சிறந்த 15 பேரைத்தானே எடுக்கிறார்கள்?

இல்லை. இதுதான் பலருக்கும் புரியாத இடம். எடுப்பது 15 ஆட்களை அல்ல, 15 இடங்களுக்கான ஆட்களை. வள்ளத்தில் ஏறுகிற எல்லாருமே துடுப்பு பிடிப்பவர்களாக இருந்தால் வலை வீச ஆள் இருக்காது.

2025 பட்டியலையே எடுத்துக்கொள்வோம். மட்டையாளர்கள் ஐந்து பேர்: ஹர்மன்பிரீத் கவுர், ஸ்மிருதி மந்தனா, பிரதிகா ராவல், ஹர்லீன் தியோல், ஜெமிமா ரோட்ரிக்ஸ். விக்கெட் கீப்பர்கள் இரண்டு பேர்: ரிச்சா கோஷ், யஸ்திகா பாட்டியா. சுழலுக்கு நான்கு பேர். அதில் தீப்தி சர்மா, ஸ்நேஹ் ராணா இருவரும் ஆஃப் ஸ்பின், அதாவது வலக்கைச் சுழல். ராதா யாதவ், ஸ்ரீ சரணி இருவரும் இடக்கை. வேகத்துக்கு ரேணுகா சிங், கிராந்தி கவுட், அருந்ததி ரெட்டி, கூடவே மட்டையும் பிடிக்கும் அமன்ஜோத் கவுர்.

இப்போது ஒவ்வொரு இடமும் எதற்கு என்று பாருங்கள். இரண்டாவது கீப்பர் இல்லாமல் போனால், ரிச்சாவுக்கு விரல் பிசகினால் அன்றைக்கே கையுறை போட ஆள் இல்லை. யஸ்திகா இடக்கை மட்டையாளர் என்பதால் தேவைப்பட்டால் மேல்வரிசையிலும் ஆடலாம். ஆக ஒரே இடத்தில் இரண்டு வேலை. ஆஃப் ஸ்பின் இரண்டு, இடக்கைச் சுழல் இரண்டு என்று வைத்தது எதிரணி மட்டை வரிசையைப் பார்த்துத்தான். இடக்கை மட்டையாளர்கள் நிறைந்த அணிக்கு எதிராக ஆஃப் ஸ்பின்னர் வேண்டும். பந்து அவர்களை விட்டு வெளியே திரும்பும். வலக்கையர்கள் வரிசையாக நின்றால் அதே வேலையை இடக்கைச் சுழல் செய்யும். போட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்ததால் சுழலுக்கு நான்கு இடம். இங்கிலாந்திலோ தென்னாப்பிரிக்காவிலோ நடந்தால் இந்தக் கணக்கு மாறும்.

எனவே உங்கள் மகள் ஐந்தாவது ஆஃப் ஸ்பின்னராக இருந்தால், நாட்டிலேயே பதினோராவது சிறந்த வீராங்கனையாக இருந்தாலும் அவருக்கு இடம் கிடைக்காது. வேகமாக வீசும் இடக்கைப் பெண் ஒருவர் இருந்தால், அவரைவிட அதிகத் திறமையுள்ள பலரைத் தாண்டி உள்ளே வரலாம். நியாயமா என்றால், அணி கட்டுவதில் இதுதான் நியாயம்.

நன்றாக ஆடுகிறவரையும் விட்டுவிடுகிறார்களே, ஷபாலி வர்மா விஷயத்தில் நடந்தது என்ன?

2025 ஆகஸ்டில் 15 பேரில் தொடக்க மட்டையாளர் ஷபாலி இல்லை. பிரதிகா ராவலும் ஸ்மிருதியும் தொடக்க ஜோடியாக நிலைத்துவிட்டார்கள்; ஷபாலி ஓர் ஆண்டாக ஒருநாள் அணிக்கு வெளியே. கூடவே அறிவிக்கப்பட்ட ஆறு மாற்று வீராங்கனைகளில்கூட அவர் பெயர் இல்லை. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் தேஜல் ஹசப்னிஸ், பிரேமா ராவத், பிரியா மிஸ்ரா, உமா செத்ரி, மின்னு மணி, சயாலி சத்கரே.

அக்டோபர் 26 அன்று வங்கதேச ஆட்டத்தில் ஃபீல்டிங் செய்யும்போது பிரதிகாவின் கணுக்கால் பிசகியது. காலியானது தொடக்க மட்டையாளரின் இடம். மாற்றுப் பட்டியலில் முதல் பெயரை அழைத்துவிடவில்லை. அந்த வேலை தெரிந்தவர், அப்போது ஆடிக்கொண்டிருப்பவர் யார் என்று பார்த்தார்கள். ஷபாலி அந்த நேரத்தில் ஹரியானாவுக்காக உள்நாட்டு டி20 போட்டியில் இருந்தார். அவரையே அழைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் 87 ரன், 2 விக்கெட், ஆட்ட நாயகி விருது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்த 87 ரன்னை அல்ல. அழைப்பு வந்த நாளில் அவர் மாநில அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார் என்பதை. கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் எண்ணத்துக்கே வந்திருக்க மாட்டார்.

ஒருவருக்குக் காயம் என்றால் உடனே ஆளை மாற்றிவிடலாமா?

போட்டி தொடங்கிய பிறகு முடியாது. ஐசிசியின், அதாவது சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் போட்டித் தொழில்நுட்பக் குழு ஒப்புதல் தர வேண்டும். மருத்துவக் காரணம் வேண்டும்; "ஃபார்ம் இல்லை" என்று யாரையும் மாற்ற முடியாது. நடுவில் பிரதிகாவுக்குப் பதில் ஷபாலி வந்தது இந்த வகை. யஸ்திகா காயமடைந்து உமா செத்ரி வந்தது போட்டி தொடங்கும் முன்பே.

மாற்று வீராங்கனைகளிலும் இரண்டு வகை உண்டு. 2024 டி20 உலகக் கோப்பைக்கு உமா செத்ரி, தனுஜா கன்வர், சைமா தாக்கோர் மூவரும் அணியோடு பயணம் செய்யும் மாற்றுகள். ரக்வி பிஸ்ட், பிரியா மிஸ்ரா இருவரும் ஊரிலேயே தயாராக இருக்க வேண்டிய மாற்றுகள். இந்த ஐந்து பேரும் 15 பேர் கணக்கில் சேர மாட்டார்கள். அதே பட்டியலில் யஸ்திகா, ஷ்ரேயங்கா பாட்டீல் இருவர் பெயரோடும் "உடல்தகுதியைப் பொறுத்து" என்ற குறிப்பு இருந்தது. அப்படி ஒரு குறிப்பைப் பார்த்தால், காயம் ஆறிவருகிறது, கடைசிச் சோதனை பாக்கி என்று பொருள்.

15 பேரில் இருந்தும் ஆடும் பதினொன்றில் இடம் கிடைக்காதது ஏன்?

பெரும்பாலும் ஆறாவது பந்துவீச்சாளர் கணக்கினால். 50 ஓவருக்கு ஐந்து பேர் தலா 10 ஓவர் வீசினால் கணக்கு சரிதான். ஆனால் ஒருவர் அடி வாங்கினால் அவரது மீதி ஓவர்களை யாரிடம் கொடுப்பது? 2025இல் இந்தியா ஐந்து பேரோடு ஆடி தென்னாப்பிரிக்காவிடமும் ஆஸ்திரேலியாவிடமும் தோற்றது. அடுத்து இந்தூரில் இங்கிலாந்துக்கு எதிராக ரேணுகாவைச் சேர்த்து ஆறாக்கினார்கள். அதற்காக வெளியே உட்கார வைக்கப்பட்டவர் ஜெமிமா. அந்த ஆட்டமும் 4 ரன்னில் போனது. துரத்தும்போது ஒரு மட்டையாளர் குறைந்தது தெரிந்தது. அடுத்த ஆட்டத்தில் ஜெமிமா மூன்றாம் இடத்தில் திரும்பி 76 நாட் அவுட். அரையிறுதியில் ஆஸ்திரேலியா வைத்த 339 இலக்கைத் துரத்தும்போது 127 நாட் அவுட்.

எங்கள் கருத்து: பிள்ளைக்கு மட்டை மட்டும் வரும் என்றால் மேல் நான்கு இடத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழாம் இடங்களுக்கு ஆள் எடுக்கும்போது "பந்து வீசுவாளா?" என்ற கேள்வி மாவட்ட அளவிலேயே வந்துவிடும். வாரம் இரண்டு நாள் ஆஃப் ஸ்பின் போடக் கற்றுக்கொடுங்கள்.

19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் எத்தனை வயதில் ஆடலாம்?

ஐசிசி விதிப்படி சர்வதேச ஆட்டத்துக்குக் குறைந்தபட்ச வயது 15. விதிவிலக்குக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். மகளிர் ஜூனியர் உலகக் கோப்பை இதுவரை இரண்டு முறை நடந்திருக்கிறது: 2023இல் தென்னாப்பிரிக்கா, 2025இல் மலேசியா. இரண்டையும் இந்தியாவே வென்றது. அடுத்தது 2027இல் வங்கதேசமும் நேபாளமும் சேர்ந்து நடத்துகின்றன.

இந்த வழி எவ்வளவு வேகமாக மேலே கொண்டுபோகும் என்பதற்கு மதுரைப் பிள்ளை ஜி. கமலினியைப் பாருங்கள். இடக்கை மட்டையாளர், கீப்பரும்கூட. 2024 டிசம்பர் டபிள்யூபிஎல் (மகளிர் பிரீமியர் லீக்) ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் தொடங்கி 1.6 கோடிக்கு மும்பை எடுத்தது. அடுத்த மாதமே ஜூனியர் உலகக் கோப்பை. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 56 நாட் அவுட். 2025 டிசம்பர் 30 அன்று இந்தியாவுக்காக முதல் டி20 ஆட்டம் ஆடியது நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் காரியவட்டத்தில்தான். இடக்கை, தொடக்க ஆட்டம், கீப்பிங் என்று மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததால் எந்த அணிக்கும் அவர் பொருந்தினார்.

குமரி மாவட்டத்தில் இருந்து தொடங்கினால் படிகள் என்ன?

முதலில் மாவட்ட கிரிக்கெட் சங்கம். அது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தோடு, அதாவது டிஎன்சிஏவோடு இணைந்தது. மாவட்டத் தேர்வு, மாவட்டங்களுக்கு இடையிலான ஆட்டங்கள், அதிலிருந்து மாநில உத்தேசப் பட்டியல், முகாம், பிறகு 15, 19, 23 வயதுக்குட்பட்டோர் அல்லது சீனியர் தமிழ்நாடு அணி. மாநில அணிதான் பிசிசிஐ உள்நாட்டுப் போட்டிகளில் ஆடுகிறது. அங்கே எடுக்கும் ரன்னும் விக்கெட்டும்தான் தேசியத் தேர்வாளர் கையில் இருக்கும் தாளில் ஏறும். அதற்கு மேல் மண்டல, சேலஞ்சர் போட்டிகள், பெங்களூரில் உள்ள பிசிசிஐ சிறப்பு மைய முகாம்கள், இந்தியா ஏ, பிறகு இந்தியா.

தேர்வு நடக்கும் தேதி தெரியாமல் போவதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கும் இழப்பு. அறிவிப்புக்கும் தேர்வு நாளுக்கும் இடையில் பல நேரம் சில நாட்கள்தான் இருக்கும். குளச்சலிலோ கருங்கலிலோ இருந்துகொண்டு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தால் அந்த ஆண்டு போய்விடும். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமும், நாகர்கோவிலில் உள்ள ஒரு பயிற்சி மையத்திடமும், மாவட்டச் சங்கத்திடமும் என்று மூன்று இடத்தில் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

கடற்கரை ஊர்களில் பிள்ளைகள் கால்பந்தில் வளர்கிறார்கள். அது குறை இல்லை. ஓட்டமும் திரும்பும் வேகமும் அங்கிருந்தே வந்துவிடும். கை வேலையை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும்.

என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும்? எதில் சிக்கல் வரும்?

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் படிப்புச் சான்று, பாஸ்போர்ட் அளவு படம். சிக்கல் வருவது பெரும்பாலும் முதல் இரண்டில்.

முதலாவது, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் "பெண்" என்று மட்டும் இருப்பது. பெயர் சேர்க்க உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது. இரண்டாவது, இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் "எஸ்", பள்ளியில் பெயருக்கு முன்னால் "எஸ்", பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் திருத்துங்கள். மூன்றாவது, விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் பிரசவம் திருவனந்தபுரத்தில் நடந்திருக்கும். சான்றிதழ் கேரளத்தில் பதிவாகியிருக்கும், பெயர் மலையாள உச்சரிப்புப்படி எழுதியிருக்கும். அது செல்லாத சான்றிதழ் அல்ல. தமிழ்நாட்டுக் குடியிருப்பைக் காட்டும் ஆவணத்தைக் கூடவே வையுங்கள்.

ஞானஸ்நானச் சான்று பிறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது. பிறந்து பல ஆண்டு கழித்துப் பதிவு செய்த சான்றிதழ் என்றால் கேள்வி வரும். மருத்துவமனைப் பதிவு, தடுப்பூசி அட்டை போன்றவற்றை எடுத்து வையுங்கள்.

தேதியை மாற்றிக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். போலி ஆவணம் கொடுத்தது தெரிந்தால் பிசிசிஐ இரண்டு ஆண்டுத் தடை விதிக்கிறது. 14, 15 வயதில் இரண்டு ஆண்டு என்பது அந்த வயதுப் பிரிவே முடிந்துபோவது.

வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள்? எலும்புச் சோதனை என்பது என்ன?

உள்நாட்டுப் போட்டிகளுக்குச் செப்டம்பர் 1. ஆகஸ்ட் 31 அன்று பிறந்த பிள்ளைக்கும் செப்டம்பர் 1 அன்று பிறந்த பிள்ளைக்கும் ஒரு நாள்தான் இடைவெளி. வயதுப் பிரிவில் ஓர் ஆண்டு வித்தியாசம். ஆகஸ்டில் பிறந்தவர்கள் தங்களைவிட ஏறக்குறைய ஓர் ஆண்டு மூத்தவர்களோடு மோத வேண்டிவரும் என்பதை மனதில் வையுங்கள்.

15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, டிடபிள்யூ3 என்ற முறையில் எலும்பு வளர்ச்சியை மதிப்பிடுகிறார்கள். வளர்ச்சித் தகடுகள் மூடியிருந்தால் எலும்பு வயது கூடுதலாகக் காட்டும். உண்மையிலேயே 14 வயதான பிள்ளைக்கும் அப்படி வரலாம். சீக்கிரம் பருவமடைந்த பெண்களுக்கு இது நடப்பதுண்டு. அப்படி வந்தால் "பொய் சொன்னாள்" என்று ஊரில் பேசுவது அநியாயம். 19 வயதுப் பிரிவில் முயற்சி செய்யலாம்.

திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள், சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். கேரளத்துக்கு ஆடினால் என்ன?

மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது வரும் கேள்வி. பிறப்பு, குடியிருப்பு, படிப்பு, வேலை இவற்றில் ஒன்றாவது அந்த மாநிலத்தில் இருக்கிறது என்று ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும். உறவினர் வீட்டு முகவரியில் அவசரமாக வாடகை ஒப்பந்தம் எழுதுவது குடியிருப்பு மோசடி. அதற்கும் தடை உண்டு. பிள்ளை உண்மையாகவே திருவனந்தபுரத்தில் படித்துத் தங்கியிருந்தால் வேறு விஷயம்.

ஒரே சீசனில் இரண்டு மாநிலத்துக்கு ஆட முடியாது. ஏற்கெனவே தமிழ்நாட்டில் பதிவு செய்திருந்தால் டிஎன்சிஏவிடம் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகே மாற முடியும்.

தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேரளத்தில் இருந்து மின்னு மணி, சஜனா சஜீவன், ஆஷா சோபனா என்று இந்திய அணிக்குப் போயிருக்கிறார்கள்; அங்கே போட்டி குறைவு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். எந்த மாநில அணியில் உங்கள் பிள்ளையின் வேலைக்கு ஆள் குறைவு என்று பாருங்கள். அதோடு பயணம்: தேர்வுக்குச் சென்னை போக வேண்டும் என்றால் இரவு ரயிலில் போய் இறங்கிய கையோடு நெட்டுக்குப் போகாதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்த கால், முதல் ஓவரில் பந்துக்கு நகராது.

மாவட்டத் தேர்வு நாளில் என்ன நடக்கும்?

கூட்டத்தைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு 10 முதல் 20 பந்து மட்டை பிடிக்கக் கிடைக்கும். பந்து வீசுபவர்களுக்கு இரண்டு, மூன்று ஓவர். பிறகு கேட்ச், தூர எறிதல், ஓட்டம். அவ்வளவுதான். இவ்வளவு குறைவான நேரத்தில் தேர்வாளர் ரன்னை எண்ணுவதில்லை.

மட்டையில் அவர் பார்ப்பது முதல் நான்கு பந்தில் கால் நகர்கிறதா, தலை விழுகிறதா என்பதை. எல்லாப் பந்தையும் தூக்கி அடித்துக் காட்ட நினைப்பவர்கள்தான் முதலில் வெளியேறுகிறார்கள். முதல் நான்கைந்து பந்தைத் தரையோடு ஆடிவிட்டு, தனக்கு வரும் ஷாட்டை இரண்டு முறை முழுமையாகக் காட்டினால் போதும்.

பந்துவீச்சில் நோ-பால்தான் எமன். நெட்டில் கோடு போடாமல் ஆண்டு முழுக்கப் பழகிவிட்டு, தேர்வில் கோட்டைத் தாண்டுகிறார்கள். வீட்டிலும் சுண்ணாம்புக் கோடு போட்டே பழகட்டும். ஓடி வரும் தூரத்தை அடி வைத்து அளந்து எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்திருக்கட்டும். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீண்டால் அது எறி. பந்தைத் திருப்பும் ஆசையில் ஆஃப் ஸ்பின் பிள்ளைகளுக்கு இது தெரியாமலேயே வந்துவிடும். பக்கவாட்டில் நின்று கைபேசியில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தாலே ஓரளவு தெரியும்.

"நீ என்ன ஆடுவே?" என்று கேட்டால் "எல்லாம்" என்று சொல்ல வேண்டாம். "மூணாவது இறங்குவேன், ஆஃப் ஸ்பின் போடுவேன், பாயின்ட்ல நிப்பேன்." இப்படி ஒரு வரி போதும். பெயருக்கு எதிரே தாளில் எழுத அவருக்கு ஓர் இடம் கிடைத்துவிடும்.

யோ-யோ சோதனைக்கு எப்படித் தயாராவது?

இது ஓடவைத்து உடல்தகுதியை அளக்கும் சோதனை. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம். ஒலி கேட்டதும் ஓடி, திரும்பி, அடுத்த ஒலிக்குள் புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். வந்ததும் 10 விநாடி ஓய்வு. அதற்குள் பின்னால் 5 மீட்டர் போய் வர வேண்டும். வேகம் கூடிக்கொண்டே போகும். ஒலி கைபேசியிலேயே கிடைக்கும்.

மூச்சு வாங்கித் தோற்பவர்களைவிட, திரும்புவதில் தோற்பவர்கள் அதிகம். கோட்டுக்கு அப்பால் இரண்டு அடி போய் வட்டமடித்துத் திரும்பினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அரை விநாடி போகிறது. கடைசி இரண்டு அடியில் உடலைத் தாழ்த்தி, ஒரே காலை ஊன்றித் திரும்பப் பழக வேண்டும்; இடது காலிலும் வலது காலிலும் மாற்றி மாற்றி. கடற்கரை மணலில் ஓடுவது தொடைக்கு நல்லது. ஆனால் மணலில் மட்டும் ஓடினால் இந்தத் திருப்பம் வராது. வாரம் ஒரு நாளாவது அண்ணா விளையாட்டரங்கம் போன்ற கெட்டித் தரை வேண்டும்.

இங்கே மேட்டிங் (பாய் விரித்த) விக்கெட்தான். மழையும் விடுவதில்லை. எப்படிப் பழகுவது?

நமக்கு ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழை. மாநிலத் தேர்வுகளும் முகாம்களும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் வரும். ஆகவே மழைக்காலப் பயிற்சிக்கு ஒரு கூரை இருந்தே ஆக வேண்டும்: பள்ளி அரங்கம், கல்யாண மண்டபத்தின் பின்கட்டு, எதுவானாலும் 10 மீட்டர் நீளம் போதும். அங்கே கேட்ச், கீப்பிங், கீழே விட்டு அடிக்கும் பந்தில் கால் நகர்த்தல் எல்லாம் நடக்கும்.

மேட்டிங் பழக்கத்தின் சிக்கல் உயரம். கயிற்றுப் பாயில் பந்து மேலே எழும், சுழலும் அதிகம் திரும்பும். அதில் பழகிய பிள்ளை இடுப்புயரத்தை எதிர்பார்த்துப் பின்காலில் நிற்கும். புல்தரை விக்கெட்டில் அதே பந்து முழங்காலுக்கு வரும். எல்பிடபிள்யூ அல்லது போல்டு. குமரிப் பிள்ளைகள் வெளியூர் ஆட்டத்தில் முதல் இரண்டு இன்னிங்ஸில் தடுமாறுவதற்கு இது முக்கியக் காரணம். பாயைத் தளர்வாக விரித்தால் பந்து மெதுவாக, தாழ்ந்து வரும். இழுத்து ஆணியடித்தால் வேகமாக எழும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு வேண்டுமென்றே தளர்த்தி விரித்து, முன்காலில் ஆடப் பழக்குங்கள். முடிந்தால் திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ இரண்டு, மூன்று ஆட்டம் புல்தரையில் ஆடிவிட்டுப் போகட்டும்.

எந்தப் பந்து? எந்த மட்டை? ஆண்பிள்ளைகளோடு ஆடலாமா?

மகளிர் பந்தின் எடை 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம் வரை. சுற்றளவும் சற்றுப் பெரிது. பையன்களோடு ஆடுவது நல்லதுதான், வேகம் பழகும். ஆனால் பெரிய பந்திலேயே பந்துவீசிப் பழகிய பெண்ணுக்கு மகளிர் பந்து கையில் நழுவும். ஃபுல் டாஸ் விழும். வீச்சுப் பயிற்சியில் பாதியாவது சரியான பந்தில் இருக்கட்டும்.

ஹெல்மெட்டில் பிஎஸ் 7928:2013 என்ற தர அடையாளத்தைப் பாருங்கள். அண்ணனின் பழைய ஹெல்மெட் தளர்ந்து ஆடினால் அது பாதுகாப்பே இல்லை. மட்டை கனமாக இருந்தால் மேல் கை விலகி, கீழ் கை இழுக்கும். மேல் கையால் மட்டும் பிடித்து முன்னால் நீட்டிப் பத்து விநாடி நிற்க முடியவில்லை என்றால் அந்த மட்டை வேண்டாம்.

டென்னிஸ் பால் தேசியப் போட்டிச் சான்றிதழ் இருக்கிறது. பலன் உண்டா?

இந்திய அணி வழியில் இல்லை. ஐசிசி அங்கீகரித்திருப்பது பிசிசிஐயை. பிசிசிஐ தேர்வு செய்வது மாநிலச் சங்கங்கள் வழியாக. "நேஷனல்" என்று அச்சிட்ட சட்டையும் கோப்பையும் தரும் அமைப்புகள் பல உண்டு. வெளிநாட்டுச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள், விமானச் செலவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள் என்றால் அதை இந்திய அணி என்று நம்பிவிடாதீர்கள். மாநில அணியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது தொகை சொன்னால், அது மோசடி. அழைப்பைப் பதிவு செய்துகொண்டு காவல்துறையிடம் போங்கள்.

டபிள்யூபிஎல்லில் ஆடினால் இந்திய அணி நிச்சயமா?

நிச்சயம் இல்லை, ஆனால் தூரம் குறைகிறது. கடப்பா மாவட்டத்து ஸ்ரீ சரணி 2025 டபிள்யூபிஎல்லுக்குப் பிறகு ஏப்ரலில் இந்திய அணிக்கு வந்தார். உலகக் கோப்பையில் 14 விக்கெட். கிராந்தி கவுட் மத்தியப் பிரதேசத்தின் கூவாரா என்ற சிற்றூரில் இருந்து வந்தவர். முதலில் அணிகளுக்கு நெட் பவுலராக இருந்தவர். 2025 ஜூலையில் இங்கிலாந்தில் 52 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். நெட் பவுலர் வேலையை அவமானமாக நினைக்கும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறோம். தேசிய அணி மட்டையாளருக்குப் பந்து வீசக் கிடைக்கும் ஒரு மணி நேரம், பத்து மாவட்ட ஆட்டத்துக்குச் சமம்.

பணம் எவ்வளவு கிடைக்கும்?

இந்தியாவுக்கு ஆடினால் ஆண்களுக்கான அதே ஆட்டச் சம்பளம்: டெஸ்ட் 15 லட்சம், ஒருநாள் 6 லட்சம், டி20 3 லட்சம். உள்நாட்டுச் சீனியர் ஆட்டங்களில் ஆடும் பதினொன்றுக்கு ஒரு நாளுக்கு 20,000 ஆக இருந்ததை 2025 டிசம்பரில் 50,000 ஆக உயர்த்தினார்கள், டி20க்கு 25,000. வெளியே உட்காருபவர்களுக்குப் பாதி. வேலை என்று பார்த்தால் ரயில்வே. மகளிர் உள்நாட்டுக் கிரிக்கெட்டில் நீண்ட காலம் ஆதிக்கம் செலுத்தும் அணியும் அதுதான்.

தேர்வாகவில்லை. காரணம் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கும் விதம்தான் முக்கியம். பட்டியல் வந்த அன்றே மைதானத்தில் நின்று "அவளைவிட இவள் எதில் குறைவு?" என்று கேட்டால் பதில் வராது, அடுத்த முறைக்கும் கெட்ட பெயர். ஒரு வாரம் கழித்துப் பிள்ளையின் பயிற்சியாளர் வழியாக இரண்டே கேள்வி: எந்த இடத்துக்கு அவளைப் பார்த்தீர்கள்? அந்த இடத்துக்கு என்ன குறைகிறது? "கீப்பர் இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள்" என்று பதில் வந்தால், அது திறமைக் குறை இல்லை. அதே பிள்ளை மேல்வரிசை மட்டையாளராக அடுத்த சீசன் வரலாம். "ஃபீல்டிங்கில் எறி வரவில்லை" என்றால் வேலை தெரிந்துவிட்டது: வாரம் மூன்று நாள், 30 மீட்டரில் தொடங்கி வாரத்துக்கு 5 மீட்டர் கூட்டி 50 மீட்டர் வரை, ஒரு நாளுக்கு 30 எறிக்கு மேல் வேண்டாம், தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.